ஔவைக்கு முந்தைய சுந்தராம்பாள்

தருமபுரியில் தமிழ் பயிற்றுவிக்கும் நமக்கு ஔவையைத் தொடாமல் ஒரு கல்வியாண்டு கழிவதில்லை. அதியமான் ஆண்ட தகடூர் நம் ஊர்தான். நெல்லிக்கனியை மாணவர் அனைவரும் அறிவர். புறநானூற்றின் 235ஆம் பாட்டு வரும்போதுதான் வகுப்பு திகைக்கும். அதியமானின் மறைவுக்கு ஔவை பாடிய கையறுநிலை அது. தம்மோடு கள்ளையும் சோற்றையும் பகிர்ந்துண்டவனை இழந்த துயரம். பாட்டி கள் குடித்தாரா என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

அந்தப் பாட்டி 1953இல் ஜெமினி நிறுவனம் எடுத்த 'ஔவையார்' படத்திலிருந்து வந்தவர். பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த ஔவையர் சிலரை ஒருவராக்கிய படம். அதில் கோலூன்றி நடந்த கே.பி. சுந்தராம்பாளுக்கு அப்போது வயது நாற்பத்தைந்துகூட நிரம்பவில்லை. சங்க ஔவையின் துயரை அந்த வேடம் மறைத்தது போலவே, அதைப் புனைந்தவரின் துயரையும் மறைத்துவிட்டது என்பது நம் எண்ணம்.

ஒகேனக்கல்லில் விழும் காவிரி கீழே இறங்கித் தொட்டுச் செல்லும் கொடுமுடியில் 1908இல் பிறந்தவர் சுந்தராம்பாள். வறுமை மிக்க இளமை. ரயில் பெட்டிகளில் பாடிக் காசு பெற்ற சிறுமி, வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையின் வேடம் கிடைத்தது. அவருக்கு அதை நடித்துப் பழக வேண்டிய தேவை இருந்திருக்குமா என்ன?

இங்கே நமக்கு பெஸ்ஸி ஸ்மித் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவின் சட்டனூகா நகரில், பெற்றோரை இழந்து, அண்ணனோடு தெருவில் பாடிப் பிழைத்த கறுப்பினப் பெண். 1923இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 'புளூஸ் பேரரசி' என்று கொண்டாடப்பட்டார். ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசைவரை எட்டவேண்டிய மேடையில் உருவான குரல் இருவருடையதும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. புளூஸ் பாடலில் பாடுபவர் 'நான்' என்று தொடங்கலாம். என்னவன் என்னை விட்டுப் போனான் என்று சபையறியப் பாடலாம்.

சுந்தராம்பாளுக்கு அந்த 'நான்' வாய்க்கவில்லை. 1927இல் அவர் மணந்த செங்கோட்டை கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். மேடையில் இருவரும் வள்ளியும் வேலனுமாகப் பாடியதைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. வீட்டிலோ பிணக்கு, பிரிவு, பிறந்து மறைந்த குழந்தை. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சேறின; அவர் பாடாத புளூஸ் அவற்றில்தான் இருக்கிறது. 1931இல் மோதிலால் நேரு மறைந்தபோது சுந்தராம்பாள் பாடிய இரங்கற்பாட்டு இசைத்தட்டாக வந்து ஊரெங்கும் ஒலித்தது. தலைவருக்காக ஊரறிய அழலாம். தனக்காக அழுவதற்குத் தபால் உறை.

1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது இருபத்தேழு, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. வெள்ளைச் சேலையுடுத்தி மேடையை விட்டு விலகியவரைத் திரைக்கு அழைத்தது 1935ஆம் ஆண்டின் 'நந்தனார்'. ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அக்காலத்தில் எவரும் எண்ணிப் பாராத தொகை. தொகையைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். நமக்கு வேடம்தான் முக்கியமாகப் படுகிறது. ஓர் ஆணோடு இணைந்து நடிக்க விரும்பாத இளம் கைம்பெண், ஆணாகவே வேடமிட்டு, கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனின் ஏக்கத்தைப் பாடினார். 'என்னை உள்ளே விடு' என்று நந்தன் மன்றாடலாம். அவர் மன்றாட முடியாது.

அதன்பின் வந்தவை மணிமேகலை, ஔவை, கவுந்தியடிகள் என்று துறவும் முதுமையும் கலந்த வேடங்கள். 'திருவிளையாடல்' (1965), 'கந்தன் கருணை' (1967) இரண்டிலும் மீண்டும் ஔவைதான். சட்ட மேலவை உறுப்பினர் பதவி, 'துணைவன்' படப் பாடல்களுக்குத் தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ எல்லாம் வந்தன. 1980இல் மறைந்தார்.

இந்த ஆண்டு 235ஆம் பாட்டை நடத்தும்போது, கோலூன்றிய ஔவையின் படத்தைக் காட்டாமல், கிட்டப்பாவோடு அவர் பாடிய பழைய இசைத்தட்டு ஒன்றை வகுப்பில் ஒலிக்கவிட்டோம். கீறல்களுக்கிடையே ஏறிவந்த அந்த இளங்குரல் யாருடையது என்று ஒரு மாணவராலும் சொல்ல முடியவில்லை.