கிணற்றை அடக்கும் கல்வி

பூமிக்கடியில் புதைந்து கிடக்கும் எண்ணெயின் சரித்திரத்தை எழுதியவர்கள், அதைக் கண்டுபிடித்த தீரர்களையும், அதனால் குபேரர்களான முதலாளிகளையும், அதன்பொருட்டுப் போர் தொடுத்த தேசங்களையும் விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார்கள். ஆனால் துரப்பண மேடையின்மீது இரவும் பகலும் நின்று, ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் தன் கண்ணுக்குப் புலப்படாத ஓர் அழுத்தத்தோடு போராடும் தொழிலாளிக்கு, அந்த வித்தை யாரால், எவ்விதம், எத்தனை விபத்துகளுக்குப் பிறகு போதிக்கப்பட்டது என்பதைப் பற்றி அதிகம் பேசியவர்கள் இல்லை. அந்தச் சரித்திரத்தை ஆராய்ந்து பார்த்தால், இயந்திரம் எப்போதும் முன்னே சென்றதும், கல்வி வெகு காலம் தாமதித்தே அதைப் பின்தொடர்ந்ததும், அந்த இடைவெளிக்கு விலையாக மனித உயிர்களே கொடுக்கப்பட்டதும் தெளிவாகும்.

எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழில் உப்புக் கிணறு தோண்டும் தொழிலிலிருந்து பிறந்தது. சீன தேசத்தின் சிச்சுவான் மாகாணத்தில், மூங்கில் கயிற்றில் இரும்பு உளியைக் கட்டி, அதைத் தூக்கித் தூக்கிப் போட்டே பாறையைப் பிளந்த உப்புத் தொழிலாளர், 1835ஆம் ஆண்டிலேயே ஆயிரம் மீட்டர் ஆழத்தைத் தாண்டிவிட்டனர். 1859 ஆகஸ்டு 27ஆம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற சிற்றூரின் அருகே, 69½ அடி ஆழத்தில் எண்ணெயைத் தொட்ட எட்வின் டிரேக்கின் கிணற்றைத் தோண்டிய வில்லியம் ஸ்மித்தும், உப்புக் கிணறுகளுக்குக் கருவிகள் வடித்துக் கொடுத்துப் பழகிய ஒரு கருமானே. அக்காலத்துத் துரப்பணத் தொழிலாளிக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. மேலும் கீழும் ஆடும் கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்து, அதன் அதிர்வைக் கொண்டே அடியில் உளி கடினப் பாறையைத் தாக்குகிறதா, மென்மையான மண்ணில் இறங்குகிறதா என்று உணர்ந்து சொல்வதுதான் அவனது சாஸ்திரம். உளியைக் காய்ச்சித் தீட்டும் உதவியாளனாகச் சேர்ந்தவன், தேர்ந்தவன் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே அந்த ஸ்பரிச ஞானத்தைப் பெற்றான். கிணறுகள் ஆழமற்றவையாகவும், அழுத்தம் சொற்பமாகவும் இருந்தவரையில் அக்கல்வி போதுமானதாகவே இருந்தது.

1901 ஜனவரி 10ஆம் தேதி அந்த நிலைமை மாறியது. டெக்சாஸ் மாநிலத்தில் போமண்ட் நகருக்கருகே ஸ்பிண்டில்டாப் என்னும் மேட்டில், ஆண்டனி லூகாஸ் என்ற பொறியாளருக்காக ஹாமில் சகோதரர்கள் தோண்டிய கிணறு, துரப்பணக் குழாய்களையே ஆகாயத்தில் வீசி எறிந்துவிட்டு, நூறடிக்கும் மேலான கரிய ஊற்றாகப் பொங்கி எழுந்தது. அந்தச் சகோதரர்கள் சுழலும் துரப்பண முறையில் கைதேர்ந்தவர்கள். இளகிய மணல் கிணற்றுக்குள் சரிந்து விழாமலிருக்க, மாடுகளைக் குட்டையில் நடக்கவிட்டுக் கலக்கிய சேற்றுநீரைக் கிணற்றுக்குள் செலுத்தியவர்கள். ஆயினும் பொங்கிய கிணற்றை மூட என்ன செய்வது என்று அவர்களுக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை. அன்று உலகத்தில் அதைக் கற்பிக்கத்தக்கவர் எவரும் இருக்கவுமில்லை. ஒன்பது நாட்கள் எண்ணெய் வீணே பாய்ந்த பிறகு, தாமே யோசித்து அமைத்த வால்வுகளைக் கொண்டு அவர்கள் அதை மூடினார்கள். ஊற்றைக் காண ரயிலேறி வந்த ஜனங்களோ அதை ஒரு திருவிழாவாகவே கொண்டாடினார்கள். கட்டுக்கடங்காமல் எண்ணெய் பாய்வதை அபாயமாகக் கருதாமல், அதிர்ஷ்டத்தின் அடையாளமாகக் கருதிய காலம் அது.

ஹாமில் சகோதரர்கள் மணலைத் தாங்குவதற்காகப் பயன்படுத்திய அந்தச் சேறே, கிணற்றை அடக்கும் முதன்மையான சாதனமும் ஆகும் என்பது பின்னர்தான் விளங்கியது. மூவாயிரம் மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் தன் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 300 கிலோகிராம் அழுத்தத்தைத் தருகிறது. அங்குள்ள பாறையின் வாயுவோ 350 கிலோகிராம் அழுத்தத்தோடு வெளிவரத் துடிக்குமானால், நீரைப்போல் 1.2 மடங்கு கனமுள்ள சேற்றை நிரப்பினால் 360 கிலோகிராம் எதிர்நின்று அதைத் தடுத்துவிடும். தராசின் இரு தட்டுகளைப்போல, கீழிருந்து வரும் அழுத்தத்தையும் மேலிருந்து இறங்கும் கனத்தையும் இடைவிடாமல் ஒப்புநோக்கிக் கொண்டிருப்பதே துரப்பணத் தொழிலாளியின் கடமை. கனம் குறைந்தால் வாயு உட்புகும். கனம் மிகுந்தால் பாறை பிளந்து சேறு அதற்குள் ஓடி, தம்பத்தின் உயரமே குறைந்து, மீண்டும் வாயு உட்புகும்.

தராசு தவறினாலும் கிணற்று வாயை மூடிவிடலாம் என்ற தைரியத்தை அளித்த சாதனம் 1922இல் தோன்றியது. அடங்காத கிணறுகளால் நஷ்டப்பட்ட ஜேம்ஸ் அபர்குரோம்பியும், இயந்திரப் பட்டறை நடத்திய ஹாரி கேமரனும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் கருவியில், இருபுறத்திலிருந்தும் நெருங்கி வந்து துரப்பணக் குழாயை இறுகப் பற்றும் இரும்புத் தாடைகள் அமைந்திருந்தன. ‘ரிக்’ எனப்படும் துரப்பண மேடைகளில் பணிபுரிவோர் இன்றும் ‘புளோஅவுட் பிரிவென்டர்’ என்பதைச் சுருக்கி பி.ஓ.பி. என்று சொல்வது அதன் வம்சத்தைத்தான். ஆனால் அக்கருவி பிறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1930 மார்ச்சு மாதத்தில், ஓக்லஹோமா நகரத்தின் எண்ணெய் வயலில் ‘வைல்டு மேரி சூடிக்’ என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற கிணறு வெடித்துப் பதினொரு நாட்கள் அடங்காமல் பீறிட்டது. குழாயை வெளியே உருவும்போது அதன் கன அளவுக்கு ஈடாகச் சேற்றை ஊற்றி நிரப்ப வேண்டும் என்ற விதியை அன்றைய குழுவினர் பின்பற்றவில்லை. குறைந்துபோன அந்தச் சில அடிச் சேற்றை நிரப்ப விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. கணக்குத் தெரிந்த, கவனம் பிசகாத ஒரு மனிதன் இருந்திருந்தால் போதும்.

அத்தகைய மனிதனை உருவாக்கும் முயற்சி மெல்லவே தொடங்கியது. 1944இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் எண்ணெய் வயல் தொழிலாளருக்கென்றே ஒரு பயிற்சிப் பிரிவை நிறுவி, கல்லூரி வாசலை மிதித்திராதவர்களும் படித்து உணரத்தக்க எளிய நூல்களை வெளியிடலாயிற்று. ஆனால் வாயு உட்புகுந்த பின் அதை வெளியேற்றும் முறையில் நெடுநாள் ஒரு பெரும் பிழை நிலவியது. உட்சென்ற சேறும் வெளிவரும் சேறும் சம அளவாக இருந்தால் கிணறு பத்திரமாக இருக்கிறது என்று அனுபவசாலிகள் பலரும் நம்பினார்கள். மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரு லிட்டர் இடத்தில் ஒடுங்கியிருக்கும் வாயு, மேற்பரப்பை அடையும்போது ஏறத்தாழ முந்நூறு மடங்கு விரியக்கூடியது. அதை விரியவிடாமல் அடைத்தே மேலே கொண்டுவந்தால், அடியில் இருந்த அழுத்தம் முழுவதையும் அது சுமந்துகொண்டு வந்து, பாறையையோ கிணற்றின் உறைக்குழாயையோ உடைத்துவிடும். அளவோடு விரியவிட்டு, அதே சமயம் கிணற்றின் அடியில் அழுத்தம் மாறாதபடி வால்வைத் திறந்தும் குறுக்கியும் நடத்தும் முறையை, 1960களில் பொறியாளர்கள் கணித ரீதியாக நிலைநாட்டினார்கள். கையின் ஸ்பரிசத்தால் ஒருபோதும் கண்டறிய முடியாத அவ்வுண்மை, வகுப்பறையை இன்றியமையாததாக்கியது.

அந்த வகுப்பறையில் பயில்வோருக்கு முதலில் புகட்டப்படுவது அறிகுறிகளைக் காணும் பழக்கம். பாறை திடீரென்று இளகி உளி வேகமாக இறங்குவது, திரும்பிவரும் சேறு மிகுதிப்படுவது, தொட்டியின் மட்டம் உயர்வது, பம்பை நிறுத்திய பின்னும் கிணறு தானே வழிவது — இவற்றில் ஒன்றைக் கண்டாலும், வாயு உட்புகுந்துவிட்டது, அதாவது ரிக்கில் உள்ளவர்கள் சொல்லும் ‘கிக்’ நேர்ந்துவிட்டது என்று கொண்டு, மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திராமல், துரப்பணத்தை இயக்கும் டிரில்லரே கிணற்றை மூடிவிட வேண்டும். லூசியானா அரசுப் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஆழ்கிணறு அமைத்து, மெய்யான வாயுவைச் செலுத்தி மாணாக்கரைப் பழக்கியது. நிஜமான ரிக்கின் கட்டுப்பாட்டுப் பலகையைப்போலவே அமைந்த சிமுலேட்டர்கள் வந்தபின், ஒருவன் ஆயிரம் முறை தவறு செய்தும் ஓர் உயிரையும் இழக்காமல் கற்றுக்கொள்ள வழி பிறந்தது. 1992இல் அமைந்த சர்வதேசக் கிணற்றுக் கட்டுப்பாட்டு மன்றம், எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் நடத்தி, இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை டிரில்லர் மறுபடியும் தேறியாக வேண்டும் என்ற நியதியை உலகெங்கும் பரப்பியது.

நம் தேசத்தில் இத்தொழில் அஸ்ஸாமின் திக்பாயில் 1889இல் வேரூன்றியது எனினும், சொந்தமாக ஆட்களைப் பயிற்றும் பொறுப்பு, 1956இல் கே. டி. மாளவியாவின் பெருமுயற்சியால் உருவான எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையத்தின் தோளில்தான் விழுந்தது. ரஷ்ய, ருமேனிய நிபுணர்களின் அருகில் நின்று, பாஷை புரியாமலே சைகையால் பாடம் கேட்ட இளைஞர்கள், 1957இல் ஜ்வாலாமுகியிலும், 1958இல் காம்பேயிலும், 1960இல் அங்கலேஸ்வரிலும் தொழில் பயின்று, 1974இல் ‘சாகர் சம்ராட்’ ரிக்கிலிருந்து பம்பாய்க் கடலில் எண்ணெய் கண்டார்கள். டேராடூனில் 1978இல் துரப்பணத் தொழில்நுட்ப நிலையம் ஏற்பட்டு, கிணற்றுக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கு நிலையான இடமும் வாய்த்தது. அப்படியிருந்தும், 1995 ஜனவரியில் ஆந்திரத்தின் கோனசீமைத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே, பாசர்லபூடிக் கிணறு தீப்பற்றி, அறுபது நாட்களுக்கு மேல் எரிந்ததையும், சுற்றுப்புறத்துக் குடும்பங்கள் வீடு துறந்து ஓடியதையும் நாம் மறக்கலாகாது.

கல்வி பரவியபின்பும் அபாயம் தீர்ந்துவிடவில்லை என்பதற்கு, 2010 ஏப்ரல் 20ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் நேர்ந்த ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ ரிக் விபத்தே கொடிய சாட்சி. கிணறு அடைபட்டிருக்கிறதா என்று அறியும் சோதனையில், துரப்பணக் குழாயின் மானி பூஜ்யத்துக்கு இறங்காமல் உயர்ந்தே நின்றது; அது வாயுவின் எச்சரிக்கை. அங்கு கூடியிருந்த அனுபவசாலிகள் வேறொரு காரணம் கற்பித்துத் தம்மைச் சமாதானப்படுத்திக் கொண்டார்கள். பதினொரு பேர் மாண்டார்கள். 87 நாட்கள் கடலில் எண்ணெய் கலந்தது. கணக்கு அறிந்தால் மட்டும் போதாது, சந்தேகம் எழுந்த கணத்தில் அதை வாய்விட்டுச் சொல்லவும், சொன்னதைக் கேட்டு வேலையை நிறுத்தவும் பழக வேண்டும் என்பதை அதன் பிறகே பயிற்சித் திட்டங்கள் முக்கியமாகச் சேர்த்துக் கொண்டன.

காவிரிப் படுகையில் நரிமணத்தைச் சுற்றிலும் வயல்களுக்கிடையே ரிக்குகள் எழுந்ததைக் கண்ட தமிழர்களுக்கு இந்தச் சரித்திரம் அயலாருடையதன்று. எங்கே கிணறு தோண்டினாலும், அம்மேடையில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தர ஊழியருக்குக் கிடைக்கும் அதே பயிற்சியை, அவனுடைய தாய்மொழியில், சம்பளத்தைப் பிடிக்காமல் அளிக்க வேண்டும். கிணற்றை மூடியவன் வீண் அச்சத்தால் மூடியிருந்தாலும் அவனைத் தண்டிக்கக் கூடாது. பயிற்சிக்குச் செலவிடும் நாட்களை நஷ்டக் கணக்கில் எழுதும் நிர்வாகத்தின் கையில் எந்தக் கிணற்றையும் ஒப்படைக்கலாகாது என்பதை, அரசாங்கமும் ஜனங்களும் உறுதியாக வலியுறுத்த வேண்டும்.