வான்கோழிக்கு ஊர் எது?

மெக்சிகோவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வளர்ப்புப் பறவையாகிவிட்டது வான்கோழி. ஆனால் அதன் பெயரில் பிற நாடுகளைச் சேர்த்த மொழிகள் எவையும் மெக்சிகோவை நினைக்கவில்லை. ஆங்கிலம் அதைத் துருக்கியோடு இணைத்து 'டர்க்கி' என்கிறது. துருக்கியரோ 'ஹிந்தி' என்கிறார்கள். போர்ச்சுக்கீசிய மொழியில் அது 'பெரு'. எகிப்திய அரபியில் 'தீக் ரூமி', அதாவது ரோமச் சேவல். மலாய் மொழியில் 'ஆயாம் பெலண்டா', டச்சுக் கோழி.

இந்தப் பெயர்களை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. பறவை எங்கே பிறந்தது என்பதை விட, யார் கைவழியாக வந்தது, அல்லது வந்ததாக நம்பப்பட்டது என்பதையே அவை பதிவு செய்கின்றன. ஆப்பிரிக்கக் கினிக்கோழி துருக்கிய வணிகத்தோடு தொடர்புபட்டிருந்ததால் ஆங்கிலேயர் அதைத் துருக்கிச் சேவல் என்றனர். 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பறவை வந்து சேர்ந்தபோது இரண்டும் குழம்பின. பெயர் புதியதோடு ஒட்டிக்கொண்டது.

இந்தியப் பெயரின் கதை இன்னும் நீளமானது. ஸ்பானியர் அமெரிக்காவை 'இந்தியத் தீவுகள்' என்று வழங்கியதால் பிரெஞ்சில் 'இந்தியக் கோழி' தோன்றி, சுருங்கி 'தேந்து' ஆயிற்று. போலிஷ் மொழியின் 'இந்திக்' என்பதும் அந்த வழியே வந்தது. டச்சுக்காரர் ஒரு நகரத்தையே சுட்டினார்கள். அவர்களுடைய 'கல்கூன்' என்ற சொல் கள்ளிக்கோட்டையிலிருந்து பிறந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா அங்கே இறங்கிய பிறகு, அரிய பொருள்கள் வரும் துறைமுகமாக அதன் பெயர் ஐரோப்பாவில் பரவியிருந்தது. சுவீடிஷ், ஃபின்னிஷ் மொழிகளிலும் அந்தப் பெயரே நிலைத்தது. இலங்கையின் கரையோரத்தை டச்சுக்காரர் ஆண்டபோது அது சிங்களத்தில் 'களுகும்' என்று புகுந்தது. மலபார் நகரம் ஒன்றின் பெயர் ஐரோப்பாவைச் சுற்றி, மெக்சிகோப் பறவை ஒன்றைச் சுமந்துகொண்டு, பக்கத்துத் தீவுக்கே திரும்பி வந்திருக்கிறது!

ஸ்பெயினில் நடந்தது வேறு. மயிலைக் குறித்த 'பாவோ' என்ற பழைய சொல் வான்கோழிக்குப் போய்விட, மயில் 'அரச பாவோ' ஆக வேண்டியதாயிற்று. மெக்சிகோ மக்கள் மட்டும் தங்கள் பழங்குடி மொழியான நவாட்டிலிலிருந்து வந்த 'குவஹொலொத்தே' என்ற சொல்லை இன்றும் வழங்குகிறார்கள்.

1612இல் கோவாவிலிருந்து அரசவை அதிகாரி முகர்ரப் கான் கொண்டுவந்த விந்தை விலங்குகளையும் பறவைகளையும் கண்ட முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், அவற்றின் பெயர்களைக்கூட யாரும் அறியவில்லை என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அவற்றுள் ஒன்று வான்கோழி. மயிலைப் போல இறகை விரித்து ஆடுவதையும் தலையும் கழுத்தும் நிறம் மாறுவதையும் அவர் வியந்தார். ஓவியர் மன்சூர் தீட்டிய அதன் படம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முகலாய அரசவை பெயரில்லாமல் நின்ற இடத்தில் தமிழுக்கு அந்தச் சிக்கலே எழவில்லை. ஔவையாரின் மூதுரையில், மயிலாடக் கண்டு தானும் ஆட முயலும் பறவையாக வான்கோழி வருகிறது. மூதுரையைப் பொதுவாகக் கொள்ளப்படுவது போல 12ஆம் நூற்றாண்டளவில் வைத்தால், அது அமெரிக்கப் பறவையாக இருக்க முடியாது. கொலம்பஸின் பயணமே 1492இல்தான் தொடங்குகிறது. பாடலைப் பிற்காலத்துக்குத் தள்ளினாலன்றி, இங்கிருந்த ஏதோ ஒரு பறவையின் பெயரே பின்னாளில் புதிய பறவைக்குக் கொடுக்கப்பட்டது என்ற முடிவுதான் பொருந்துகிறது. மயிலோடு சேர்த்தே பேசப்பட்ட பெயர் அது. ஜஹாங்கீர் கண்ட அதே ஆட்டம் தமிழர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும்.

இப்படி நடப்பது அபூர்வமன்று. 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் வான்கோழிக்கு 'மெலியாக்ரிஸ்' என்று அறிவியல் பெயர் வைத்தபோது, கிரேக்கர் கினிக்கோழிக்கு வழங்கிய சொல்லையே எடுத்துக்கொண்டார்.

ஆகவே மூதுரைக்கு உரை எழுதுவோரும் பாடநூல் ஓவியர்களும் அந்தப் பாடலுக்கு அருகே அமெரிக்க வான்கோழியைத் தயங்காமல் வரைந்துவிடக் கூடாது. அகராதித் தொகுப்பாளர்கள் பழைய வான்கோழியையும் இன்றைய வான்கோழியையும் இரு தனிப் பொருள்களாகப் பிரித்துப் பதிய வேண்டும்.