அபிட்ஸ்: ஒரு கடைக்காரரின் பெயர்

பிழைப்பை நாடி ஐதராபாத் வந்து சேரும் தமிழர் முதலில் கற்றுக்கொள்ளும் இடப்பெயர்களுள் ஒன்று அபிட்ஸ். நகரின் தலைமை அஞ்சலகம் இருப்பது அங்கே. துணிமணி வாங்கச் செல்வதும் அங்கே. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய புத்தகங்கள் நடைபாதையில் பரப்பப்படுவதும் அங்கேதான். நாமும் அப்பெயரைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தோம், பொருளை ஆராய்ந்தோமில்லை. "இது தெலுங்குச் சொல்லா, உருதுச் சொல்லா?" என்று நம் குழந்தைகள் வினவியபோதுதான் விடை தேடத் தலைப்பட்டோம்.

அபிட்ஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். 1869 முதல் 1911 வரை அரசு கட்டிலில் இருந்த ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலி கானின் அணுக்கப் பணியாளராக விளங்கியவர் ஆல்பர்ட் அபித் என்னும் ஆர்மீனியர். நிஜாமின் உடைகளையும் அணிகலன்களையும் பேணுவது அவர் கடமை. ஒரு முறை உடுத்ததை மன்னர் மறுமுறை உடுப்பதில்லை என்றும், கழித்த ஆடைகளால் அபித் பெரும் பொருள் ஈட்டினார் என்றும் நகரத்தார் கதை சொல்வர். கதை எவ்வாறாயினும், அவர் இப்பகுதியில் வெளிநாட்டுப் பொருள்களை விற்கும் பெருங்கடை ஒன்றை நிறுவினார் என்பது உண்மை.

1891இல் அலெக்சாண்டர் ஜேக்கப் என்ற வணிகர் மகபூப் அலி கானுக்கு ஒரு பெரிய வைரத்தை விற்க முயன்றபோது, பேரத்தில் இடைநின்றவரும் இந்த அபித்தே. அப்பேரம் கல்கத்தா நீதிமன்றம் வரை சென்று நாடெங்கும் பேசப்பட்டது. வைரம் இறுதியில் நிஜாமிடமே தங்கியது. தந்தையின் காலணியில் மறைந்து கிடந்த அக்கல்லைக் கண்டெடுத்த ஏழாம் நிஜாம் அதைக் காகிதம் பறவாமலிருக்க வைக்கும் கல்லாகப் பயன்படுத்தினார் என்பர். 1995இல் நிஜாமின் அணிகலன்களை இந்திய அரசு வாங்கியபோது அவ்வைரமும் நாட்டுடைமையாயிற்று. அது இன்றும் ஜேக்கப்பின் பெயராலேயே வழங்குகிறது. விற்றவர் பெயர் வைரத்துக்கு. இடைநின்றவர் பெயர் தெருவுக்கு!

பெயரின் இறுதியில் நிற்கும் 'ஸ்' என்ன? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது சுவையான கேள்வி. ஆங்கிலத்தில் அது உடைமையைக் குறிக்கும் உருபு. 'அபித்தினுடைய கடை' என்பதில் கடை மறைந்தது. 'அபித்தினுடைய' என்பது மட்டும் நின்றது. உரியவரும் இல்லை, உடைமையும் இல்லை. உருபு மட்டும் இன்றும் வாழ்கிறது.

ஆணையிட்டு மாற்றிய பெயர்களும் இந்நகரில் உண்டு. ஆங்கிலேயப் பிரதிநிதியின் ஆட்சியில் இருந்த ரெசிடென்சி பஜார் 1933இல் நிஜாமிடம் திரும்பியபோது சுல்தான் பஜார் ஆயிற்று, அப்பெயர் நிலைத்தது. செகந்தராபாத்தின் ஜேம்ஸ் தெருவுக்கு மகாத்மா காந்தி சாலை என்று பெயர் சூட்டினர். எனினும் அங்குள்ள ரயில் நிலையம் இன்னும் ஜேம்ஸ் தெரு நிலையமே. அபிட்ஸ் என்ற பெயரையோ அரசர் எவரும் சூட்டவில்லை. கடைக்குப் போனவர்களும் வழி கேட்டவர்களும் சொல்லிச் சொல்லியே அது ஊன்றிவிட்டது.

சென்னையிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. 1788இல் வேல்சு நாட்டிலிருந்து வந்து வாணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயரே பாரிமுனை. பறம்பு மலைப் பாரியை அறிந்த நம் காதுக்கு அது அயற்பெயராக ஒலிப்பதே இல்லை.

அபித்தும் நம்மைப் போலவே வேற்று மண்ணிலிருந்து இந்நகருக்கு வந்தவர். நம்மவர் பெயரும் இங்கு இல்லாமற் போகவில்லை: செகந்தராபாத்தின் பத்மாராவ் நகர், திவான் பகதூர் பத்மாராவ் முதலியாரின் பெயரைத் தாங்கியது. ஆகவே நேயர்களே, அடுத்த முறை குழந்தைகளோடு கடைவீதிக்குச் செல்லும்போது தெருவின் பெயரையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். பிறந்த ஊரை நாம் மறக்கப் போவதில்லை. அவர்கள் பிறந்த ஊர் இதுவன்றோ?