ஆறாம் வேற்றுமையின் வரலாறு

தில்லியில் வளரும் தமிழ்க் குழந்தை பள்ளியில் இந்தி பயில்கின்றது. இந்தியில் உடைமையைக் காட்டும் உருபு, உடைமையாகும் பொருளின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்பக் கா, கே, கீ என மாறும். மும்பையிலோ மராத்தியில் சா, சீ, சே எனக் கேட்கலாம். கொல்கத்தாவின் வங்காளியில் இம்மாற்றம் இல்லை. இன்றைய தமிழிலும் இல்லை. 'என்னுடைய வீடு', 'என்னுடைய வீடுகள்', 'என்னுடைய மகள்' என மூன்றிடத்தும் சொல் ஒன்றே.

ஆயினும், பண்டைத் தமிழில் நிலைமை வேறு. ஆறாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் கூறும் உருபு 'அது' என்பதாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஒருமைக்கு 'அது', 'ஆது' என்றும், பன்மைக்கு 'அ' என்றும் வகுத்தார். 'எனது கை' என்பது ஒருமை. 'என கைகள்' என்பது பன்மை. வடிவில் 'அது' என்பது அஃறிணை ஒருமைச் சுட்டுப்பெயரை ஒத்திருக்கின்றது. ஆகவே மக்களைக் குறிக்கும் பெயர்முன் அது பொருந்தாது என்பர் இலக்கணத்தார். 'நம்பிமகன்' என்னும் தொகையை 'நம்பிக்கு மகன்' என விரிப்பதே தொல்காப்பிய மரபு.

இத்தடைகள் ஏதுமின்றி இருதிணைக்கும் இரண்டு எண்ணுக்கும் பொதுவாய் நின்றது 'உடைய' என்னும் சொல்லுருபு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) மாணவர் பொருட்டு இலக்கணத்தை எளிய உரைநடையில் எழுதியபோது, இச்சொல்லுருபுக்கும் இடம் தந்தார். பள்ளிப் பிள்ளைகளின் ஏட்டில் 'என கைகள்' இன்று இல்லை. 'என்னுடைய கைகள்' உண்டு.

இலக்கண நூலோர் உடைமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பிரித்தனர். கை நம்மைவிட்டுப் பிரியாதது, ஆதலின் தற்கிழமை. புத்தகம் பிரிவது, ஆதலின் பிறிதின்கிழமை. குழந்தைக்குக் கற்பிக்கும் வரிசையும் இதுவே ஆகலாம். முதலில் 'என் கை', 'உன் கண்' என உருபு வேண்டாத சிறு தொடர்கள். அடுத்து, 'என் புத்தகம்', 'தங்கையின் பந்து'. அதன்பின், சொல்லே திரியும் இடங்கள்: மரம், மரத்தின் கிளை, வீடு, வீட்டின் கதவு, ஆறு, ஆற்றின் கரை. வெளிமாநிலத்துப் பிள்ளைகள் பெரிதும் இடறுவது இங்கேதான். 'மரம் உடைய கிளை' என்று எழுதும் பிள்ளைக்கு உருபு தெரியும். அதனை ஏற்கும்போது மரம் 'மரத்து' ஆவதே தெரியாது. செவியில் பலமுறை விழுந்தாலன்றி அது படியாது.

இறுதியாக எழுத்து வழக்கு. 'அப்பாவோட சட்டை' என்று பேசும் பிள்ளை, எழுதுங்கால் 'அப்பாவோடு சட்டை' என்று எழுதிவிடக்கூடும். அது மூன்றாம் வேற்றுமையாகிப் பொருளே மாறிவிடும். 'அப்பாவுடைய சட்டை' என்று ஒருமுறை எழுதிக் காட்டினால் வேறுபாடு விளங்கும்.

அயலூரில் தமிழ்ப் பள்ளி எட்டாத தொலைவில் இருக்கலாம். கையும் கண்ணும், கதவும் சட்டையும் எந்த வீட்டிலும் உண்டு. நாள்தோறும் அவற்றைச் சுட்டிப் பெற்றோர் பேசும் தமிழே பிள்ளைக்கு முதற்பாடம்.