ஆகஸ்ட் 1 கணக்கு

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் எத்தனை ஆசிரியர் என்பதை மாணவர் தொகையே முடிவு செய்கிறது. பணியாளர் நிர்ணயம் எனப்படும் இந்த ஏற்பாட்டில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்றுள்ள எண்ணிக்கை அடிப்படையாகிறது.

1997 டிசம்பரில் வந்த அரசாணை 525, 40 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என வகுத்தது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அதைத் தளர்த்தியது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர், 120 வரை நால்வர். 61ஆவது பிள்ளை சேர்ந்தால் ஓர் இடம் கூடும். அந்த ஒரு பிள்ளை விலகினால் ஓர் ஆசிரியர் 'உபரி' ஆகிவிடுவார். பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

சென்னையின் மேற்கே இந்த நாள் கணக்கு இன்னும் கூர்மையாக உறுத்தும். 1960களில் ஆவடியில் டாங்கி தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. வேலை தேடி வந்த குடும்பங்களால் ஊர்கள் பெருத்தன. பூந்தமல்லிப் பக்கம் கட்டட வேலைக்கு வருவோர் பள்ளி நாட்காட்டியைப் பார்த்து இடம் மாறுவதில்லை. செப்டம்பரில் வந்து சேரும் அவர்களின் பிள்ளை வகுப்பில் உட்காரும். அவ்வாண்டின் ஆசிரியர் கணக்கில் மட்டும் இராது.