எத்தனை செயலிகள்? டிராம்பேயின் கொத்துக் கணினிகளும் லினக்ஸ் கெர்னலின் கணக்கும்

காட்கோபருக்குத் தெற்கே, செம்பூரையும் கடந்தால், டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். அனுபம் என்னும் இணைக்கணினி வரிசை அங்கே 1991இல் தொடங்கியது. தொடக்ககாலப் பொறிகளில் இன்டெல் ஐ860 செயலிகள் இருந்தன. பின்வந்தவை பென்டியம், சியான் சில்லுகளையும் லினக்ஸையும் ஏற்றன. இத்தகைய கொத்துக் கணினிகளில் கணுவுக்கு ஒரு கெர்னல். அது தன் கணுவிலுள்ள சில செயலிகளை மட்டுமே அறியும். மொத்தக் கணக்கு, நிரலைத் தொடங்குபவர் எழுதித் தரும் பட்டியலில் இருக்கும். ஆகவே கெர்னலின் கணக்கு பெரிதாக வளர வாய்ப்பில்லை.

ஒரே கெர்னலின் கீழ் நூற்றுக்கணக்கான செயலிகள் வந்தபோதுதான் நிலைமை மாறியது. 2004இல் நாசா நிறுவிய கொலம்பியாவில் 20 ஆல்டிக்ஸ் பொறிகள். ஒவ்வொன்றிலும் 512 செயலிகள், ஒரே லினக்ஸ்.

ஒரு நிரல் எந்தெந்தச் செயலிகளில் ஓடலாம் என்பதைச் செயலிக்கு ஒரு பிட் வீதம் குறிக்கும் அழைப்புகள் 2002இல் லினக்ஸ் 2.5.8இல் சேர்ந்தன. அந்தத் தொகுதி எத்தனை பைட் நீளம் என்பதையும் நிரல் சொல்லியாக வேண்டும். சி மொழி நூலகமான ஜீலிப்சி இதில் தடுமாறியது: 2.3.3 பதிப்பில் நீள அளவுருவை நீக்கியது, 2.3.4இல் மீண்டும் சேர்த்தது. சிறு திருத்தமாகத் தோன்றினும், இரண்டுக்கும் நடுவே எழுதப்பட்ட நிரல்களுக்கு இது தலைவலியே.

அதைவிட நீடித்தது வேறொரு முடிவு. நூலகம் தன் செயலித் தொகுதியை 128 பைட், அதாவது 1024 பிட் என நிலைப்படுத்தியது. கெர்னலுக்கு அத்தகைய வரம்பு இல்லை. நூலகமோ அளவை மாற்றினால், ஏற்கெனவே தொகுக்கப்பட்ட நிரல்கள் உடையும். கெர்னலின் தொகுதி 1024ஐ மீறிய பொறியில், நிலையான தொகுதியுடன் கேட்கும் நிரலுக்குச் செல்லாத மதிப்பு என்னும் பிழையே கிடைக்கும். எத்தனை பிட் தேவை என்ற தகவல் அந்தப் பிழையில் இராது.

வேண்டிய அளவில் தொகுதி ஒதுக்கிக்கொள்ளும் வசதி ஜீலிப்சி 2.7இல் வந்தது. ஆனால் வேண்டிய அளவு எது? லினக்ஸ் கையேடு காட்டும் வழி வியப்பானது: சிறிய தொகுதியுடன் கேட்க வேண்டும், பிழை வந்தால் பெரிதாக்கி மீண்டும் கேட்க வேண்டும், பிழை நிற்கும்வரை இப்படியே. இருட்டில் கதவு தேடித் தடவுவது போன்ற முறை.

கெர்னல் இத்தகவலை மறைக்கவில்லை என்பதே இதில் முரண். போதிய இடத்துடன் நேரடியாக அழைத்தால், வெற்றியின்போது தான் நிரப்பிய பைட்டுகளின் எண்ணிக்கையையே விடையாகத் தருகிறது. நூலகத்தின் உறை அந்த எண்ணை அழித்து 0 எனத் திருப்புகிறது. எஞ்சிய இடத்தைச் சுழியங்களால் நிரப்பியும் விடுகிறது. பெரிய தொகுதியைக் கொண்டுபோன நிரல், கெர்னலின் சுழியம் எங்கே முடிந்தது, நூலகத்தின் சுழியம் எங்கே தொடங்கியது என்று பிரித்தறிய இயலாது.