விசில் சத்தத்தில் மறைந்த தமிழர்கள்

அந்த விசில் சத்தம் ஞாபகம் இருக்கிறதா? கிழிந்த பூட்ஸும் கந்தல் சட்டையுமாக பிரிட்டிஷ் கைதிகள் விசிலடித்தபடி முகாமுக்குள் நுழைவார்களே... 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'! 1957-ல் வந்து ஏழு ஆஸ்கர்களை அள்ளிய படம். எடுத்தது இலங்கையின் கித்துல்கலையில்.

மூலக்கதை, பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1952-ல் எழுதிய நாவல். ஜப்பானிய எஞ்சினீயருக்குப் பாலம் கட்டத் தெரியாதாம். கைதியாக வந்த வெள்ளைக்கார அதிகாரிகள்தான் பிளான் போட்டு, 'இப்படிக் கட்டணும்ப்பா' என்று காட்டிக் கொடுக்கிறார்களாம். ஆசியாக்காரனுக்கு மூளை மட்டு என்கிற பழைய நினைப்புதான், சுவையான கதையாக வேஷம் கட்டி வந்தது.

நிஜம் தலைகீழ். சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு சர்வே எடுத்தது, வடிவம் கொடுத்தது எல்லாமே ஜப்பானிய ராணுவ எஞ்சினீயர்கள்தான். 1942-ல் ஆரம்பித்த வேலை 1943 அக்டோபரில் முடிந்தே விட்டது. அவர்களிடம் திறமை இருந்தது. இரக்கம்தான் இல்லை!

சரி, மண் வெட்டியது யார்? நேச நாட்டுக் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல். செத்தவர்கள் 12,000-க்கும் அதிகம். ஆனால், மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர் அங்கே இருந்தார்கள். அவர்களில் 90,000 பேர் வரை மாண்டதாக ஒரு கணக்கு. நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை என்று ஆசை காட்டினார்கள். பிறகு வளைத்துப் பிடித்து ரயிலில் ஏற்றினார்கள். கைதிகள் முகாமில் ராணுவ டாக்டராவது இருந்தார். காலரா வந்தபோது தமிழனுக்கு யாருமே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. பியர் பூல் யுத்தத்துக்கு முன்பு மலாயா ரப்பர் தோட்டத்தில் எஞ்சினீயராக வேலை பார்த்தவர். பால் வெட்டிய தமிழர்களை தினமும் பார்த்திருப்பார். ஆனாலும், அவர் கதை அவர்களைப் பற்றியதாக இல்லை.

பொறுப்பு யாருடையது? முதல் குற்றவாளி ஜப்பானிய ராணுவம், சந்தேகமில்லை. கப்பலேற்றிக் கொண்டுபோய், ஆபத்து வந்ததும் கைவிட்டுவிட்டு ஓடிய பிரிட்டிஷாருக்குப் பங்கில்லையா? ஆள் கணக்குக் காட்டப் பெயர் எழுதிக் கொடுத்த தோட்டத்துக் கிராணிகளில் நம்மவர்களும் உண்டே!

நகாசே தகாஷி என்ற ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் குற்ற உணர்ச்சி தாங்காமல் திரும்பத் திரும்ப தாய்லாந்து போனார். 1986-ல் பாலத்தருகே ஒரு புத்தர் கோயில் கட்டினார். அவர் முன்னிலையில் வதைபட்ட பிரிட்டிஷ் கைதி எரிக் லோமாக்ஸ் 1993-ல் நேரில் சந்தித்து, கடைசியில் மன்னித்தார். தமிழனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால், எந்த முகவரிக்குப் போவது?

படம் பார்த்து வந்த சுற்றுலாக் கூட்டத்துக்காக, 1960-ல் அந்த நதியின் பெயரையே 'குவே யாய்' என்று மாற்றினார்கள். காஞ்சனபுரி கல்லறையில் ஏறக்குறைய ஏழாயிரம் சிப்பாய்களுக்கு இடம் இருக்கிறது. நம் ஆட்களோ பெரும்பாலும் பேரில்லாத குழிகளில்.

படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. தாராளமாகப் பாருங்கள். கூடவே, மலேசியத் தமிழரான அ.ரெங்கசாமி 2005-ல் எழுதிய 'நினைவுச் சின்ன'த்தையும் தேடிப் படியுங்கள். அதற்கப்புறம் அந்த விசில் சத்தம் உங்களுக்கு வேறு மாதிரி கேட்கும்.